ஃபார்மட் அடிப்பது கடைசி வேலை
லப்பைக்குடிக்காட்டில் வீட்டுக் கணினி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்



வைரஸ் ஏறிய வீட்டுக் கணினியை மீட்பதில் நான்கு வேலைகள் உண்டு: இணைப்பைத் துண்டிப்பது, கோப்புகளைப் பத்திரப்படுத்துவது, வைரஸை நீக்குவது, கடவுச்சொற்களை மாற்றுவது. இந்த வரிசையில் செய்தால் பெரும்பாலான கணினிகள் பெரிய இழப்பின்றித் தேறிவிடும். நடைமுறையில் வரிசை தலைகீழாகிறது. கணினி கொஞ்சம் திணறியதுமே, "வைரஸ் ஏறிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடலாம்" என்ற பேச்சு முதலில் வந்துவிடுகிறது. ஃபார்மட் முடிந்து புது விண்டோஸ் பளிச்சென்று திறந்த பிறகுதான், டெஸ்க்டாப்பில் கிடந்த நிக்காஹ் படங்களும் அத்தாவின் பழைய பாஸ்போர்ட் நகலும் நினைவுக்கு வருகின்றன.

வெள்ளாற்றங்கரையில் உள்ள இந்தப் பேரூராட்சியில், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் கணினி ஒரு காகிதப் பெட்டி. விசா நகல், வேலை ஒப்பந்தம், அட்டெஸ்டேஷன் முடிந்த சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதற்குள்தான். கணினி தெரிந்த பிள்ளை பல வீடுகளில் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பதால், கணினி படுத்துக்கொள்ளும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள் ஊரில் இருப்பவர்களே. அவர்களுக்குத் தெரிய வேண்டியவை இங்கே வரிசையாகத் தரப்படுகின்றன.

வைரஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை பல வகை. உண்மையான வைரஸ் வேறு நிரல்களின் கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவும். வார்ம் தானாகவே பென்டிரைவ் வழியாகவும் வலையமைப்பு வழியாகவும் ஊர்ந்து போகும். ட்ரோஜன் பயனுள்ள நிரல் போல வேடமிட்டு உள்ளே வரும். திருட்டு நிரல், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகும். ரேன்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். இவற்றின் பூர்வீகம் ஃபிளாப்பி காலத்தது. ஐபிஎம் வகைக் கணினிகளில் முதலில் பரவிய 'பிரெய்ன்' வைரஸை 1986-இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதினர். 1990-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட 'ஜோஷி' வைரஸ், ஜனவரி 5 அன்று கணினியை நிறுத்திவைத்து, "ஹேப்பி பர்த்டே ஜோஷி" என்று தட்டச்சு செய்தால்தான் வேலை செய்ய விடும். அடுத்த ஆண்டே, 1991-இல், சென்னையில் கே7 என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அன்றைய வைரஸ் வாழ்த்துக் கேட்டது. இன்றையது காசு கேட்கிறது.

சிக்குவது வீட்டுக் கணினி மட்டுமல்ல. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில், இணையத்துடன் இணைந்திருந்த கணினி ஒன்றில் 'டிட்ராக்' என்ற உளவு நிரல் புகுந்தது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வலையமைப்பிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளை ரேன்சம்வேர் பூட்டியது. முதல் நிகழ்விலிருந்து வீடு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிமையானது: முக்கியமானதைத் தனியே பிரித்து வைத்தால், கெட்டது ஓரிடத்தோடு நின்றுவிடும்.

முதலில் வந்திருப்பது வைரஸ்தானா என்று பார்க்க வேண்டும். மெதுவாக ஓடுவது மட்டும் வைரஸின் அடையாளம் ஆகாது. பத்து வயதான ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருக்கலாம். சித்திரை வெயிலில், தூசி அடைத்த ஃபேனோடு ஓடும் மடிக்கணினி சூட்டைக் குறைக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சி டிரைவ் நிரம்பியிருந்தாலும் இதே தொல்லைதான். வைரஸின் அடையாளங்கள் வேறு: ஆன்டிவைரஸ் தானாக அணைந்திருப்பது, திரும்பப் போட்டாலும் நிற்காதது, பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியிருப்பது, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காதது, யாரும் அனுப்பாத மின்னஞ்சல் நண்பர்களுக்குப் போயிருப்பது, கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிதாக நான்கு எழுத்து வால் முளைத்திருப்பது.

போலி எச்சரிக்கை தனி ரகம். ஏதோ ஒரு தளத்தைத் திறந்ததும் திரை முழுவதும் சிவப்பாகி, 'பீப் பீப்' என்று சத்தம் போட்டு, "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று ஒரு பக்கம் மிரட்டும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதில்லை. அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிட்டால் மிரட்டலும் முடிந்தது. அந்த எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொல்லும் எனிடெஸ்க் போன்ற தொலைக்கட்டுப்பாட்டு நிரலை ஏற்றினால்தான் உண்மையான தொல்லை தொடங்கும்.

வைரஸ் என்று உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை துண்டிப்பு. வைஃபையை அணைத்து, லேன் கேபிள் இருந்தால் உருவி, செருகியிருக்கும் பென்டிரைவையும் வெளி ஹார்ட் டிஸ்கையும் எடுத்துவிட வேண்டும். இதனால் திருட்டு நிரல் தகவல் அனுப்புவது நிற்கும். வீட்டின் மற்ற கணினிக்குப் பரவுவதும் நிற்கும். கோப்புகளின் பெயர் கண்முன்னே ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால் ரேன்சம்வேர் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது மட்டும் முறைப்படி ஷட்டவுன் செய்யக் காத்திராமல், பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட வேண்டும். பூட்டப்படாமல் தப்பிய கோப்புகள் அந்த நொடியில் காப்பாற்றப்படும். துண்டித்த கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ அதன்பின் திறக்கக் கூடாது.

இரண்டாவது வேலை கோப்புகளைப் பத்திரப்படுத்துவது. பாதிக்கப்பட்ட விண்டோஸுக்குள்ளிருந்தே புதிய ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்தால் வைரஸும் கூடவே ஏறக்கூடும். பாதுகாப்பான வழி, விண்டோஸைத் தொடாமல் வேறொரு இயங்குதளத்தில் கணினியைத் திறப்பது. இதற்கான வசதி தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரின் கையில் ஏற்கெனவே இருந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் திரையில் பாஸைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் அங்கே ஓடாது. கோப்புகள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். பலர் "இது எதற்கு இடத்தை அடைக்கிறது" என்று பாஸை அழித்துவிட்டார்கள். அப்படி அழித்தவர்களும், கடையில் வாங்கிய கணினி வைத்திருப்போரும், நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் திறக்கலாம். இதற்கு ஹார்ட் டிஸ்கில் எதையும் நிறுவத் தேவையில்லை.

இரண்டு தடைகள் வரலாம். விண்டோஸ் 8 முதலான பதிப்புகள் அணையும்போது பாதி உறக்கத்தில் இருக்கும். அந்நிலையில் லினக்ஸிலிருந்து டிஸ்கைப் படிக்கலாம், எழுத முடியாமல் போகலாம். நகலெடுக்கப் படிப்பதே போதும். இன்னொன்று, விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருந்தால், கைப்பேசியிலிருந்து அக்கணக்கில் நுழைந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சாவி தெரியாமல் டிஸ்கைக் கழற்றி எடுத்துப் போவது வீண் வேலை.

எவற்றை நகலெடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களும் கட்டாயம். வீட்டிலிருந்தே கடைக் கணக்குப் பார்ப்போருக்கு டேலியின் டேட்டா ஃபோல்டர் முக்கியம். பலரும் மறப்பது எழுத்துருக்களை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையும் ஜமாஅத் அறிவிப்பும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் தமிழ் எழுத்துருக்களை மட்டும் எடுத்து வைக்க வேண்டும். நகலெடுக்கக் கூடாதவை: இயக்கக்கூடிய நிரல் கோப்புகள், பழைய மென்பொருள் செட்டப்புகள், உரிமமில்லாமல் நிரல்களை இயக்கும் 'கிராக்' கோப்புகள். வைரஸ் குடியிருப்பது பெரும்பாலும் அவற்றில்தான். நகலெடுத்து முடிந்ததும் அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிட வேண்டும். கணினி தேறும்வரை அதை மறுபடி செருகுவதில்லை.

மூன்றாவது வேலை நீக்குவது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கணினி தானாக அணைந்து, விண்டோஸ் முழுதாகத் திறப்பதற்கு முன்பே தேடலைத் தொடங்கும். வைரஸ் விழித்து ஒளிந்துகொள்வதற்குள் பிடிக்கும் உத்தி இது. சுமார் 15 நிமிடம் ஆகும். அதன்பின் சாதாரண முழு ஸ்கேன் ஒன்று ஓட வேண்டும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். டிஃபெண்டரைத் திறக்கவே வைரஸ் விடவில்லை என்றால் சேஃப் மோடில் திறந்து முயலலாம். விண்டோஸ் திரையில் ரீஸ்டார்ட்டைச் சொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அதற்கான பட்டியல் வரும்.

இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லது. மைக்ரோசாஃப்ட்டின் சேஃப்டி ஸ்கேனர் இலவசம். இறக்கிய பத்து நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் வேண்டும்போது புதிதாக இறக்க வேண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா'வின் தளத்திலும் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தரும் நிறுவனங்களில் மேலே சொன்ன கே7-உம் ஒன்று. இந்தக் கருவிகளை நல்ல கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். முழுநேர ஆன்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் நிறுவினால் ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியைப் படுக்கவைத்துவிடும், ஒன்று போதும்.

ஸ்கேன் முடிந்த பிறகும் கையால் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பட்டியலில் அறியாத பெயர் இருக்கிறதா. பிரவுசரில் யாரும் நிறுவாத எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா. பிரவுசர் அறிவிப்புகளுக்கு எந்தெந்தத் தளங்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது. இணைய அமைப்பில் 'பிராக்ஸி' இயக்கப்பட்டிருக்கிறதா. திரையின் ஓரத்தில் ஓயாமல் விளம்பரம் எட்டிப்பார்க்கும் கணினிகள் பலவற்றில் கோளாறு மூன்றாவது இடத்தில்தான். அனுமதியை நீக்கினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஊர்களில் அதிகம் காணப்படும் பென்டிரைவ் வைரஸ் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஆதார் நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போன பென்டிரைவ் வீட்டுக்குத் திரும்புகிறது. செருகித் திறந்தால் ஃபோல்டர்கள் அதே பெயரில், அதே மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் சிறிய வளைந்த அம்புக்குறி. அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு கேபி. அவை ஃபோல்டர்கள் அல்ல, ஷார்ட்கட்கள். உண்மையான ஃபோல்டர்களை வைரஸ் 'மறைவானது', 'சிஸ்டத்துக்குரியது' என்று முத்திரை குத்தி ஒளித்துவிட்டு, அவற்றின் பெயரில் இந்தப் போலிகளை வைத்திருக்கிறது. சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும். மறுகணமே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். வேண்டிய கோப்பு கிடைத்துவிடுவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைக்கும்.

இங்கே கோப்பு எதுவும் அழியவில்லை என்பதுதான் முக்கியம். பென்டிரைவ் காலி என்று நினைத்து ஃபார்மட் செய்தால் அப்போதுதான் அழியும். வரிசை இதுதான்: முதலில் கணினியைச் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் கணினியில் வைரஸ் இருக்கும்வரை பென்டிரைவைச் சுத்தம் செய்த சில விநாடிகளில் ஷார்ட்கட்கள் மறுபடி முளைக்கும். பிறகு பென்டிரைவை லினக்ஸில் செருகினால், விண்டோஸின் 'மறைவு' முத்திரையை லினக்ஸ் பொருட்படுத்தாததால் எல்லா ஃபோல்டர்களும் வெளிப்படையாகத் தெரியும். அவற்றை நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம். விண்டோஸிலேயே செய்வதென்றால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால் அவை மங்கலாகத் தெரியும். 'அட்ரிப்' என்ற கட்டளையால் முத்திரையை முழுவதுமாக நீக்கவும் முடியும்.

ரேன்சம்வேர் இதற்கு நேர் எதிர். அங்கே கோப்பு பெயரளவில் இருக்கும், உள்ளே பூட்டப்பட்டிருக்கும். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற ரேன்சம்வேர் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்யாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின. வீட்டுக் கணினிகளை அதிகம் பிடித்தது 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியூ' எனப்படும் குடும்பம். அது வருவது பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் 'கிராக்' ஃபோட்டோஷாப், விண்டோஸ் ஆக்டிவேட்டர் போன்றவற்றின் வயிற்றில். ஓடும்போது விண்டோஸ் அப்டேட் நடப்பதுபோலப் போலித் திரை காட்டும். முடிந்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மி' என்ற குறிப்புத் தாளை வைத்துவிட்டுப் போகும்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர்.

பணம் கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில், பூட்டிய கோப்பு ஒன்றையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும். சாவி இருந்தால் இலவசமாகத் தரும். ஸ்டாப் குடும்பத்தின் பழைய 148 வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் திறப்புக் கருவி வெளியிட்டது. புதிய வகைகளிலும் ஒரு சிறு வாய்ப்பு உண்டு: மிரட்டல் குறிப்பின் அடியிலுள்ள அடையாள எண் 'டி1' என்று முடிந்தால், பூட்டும் நேரத்தில் அந்நிரலால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, எல்லோருக்கும் பொதுவான சாவியால்தான் பூட்டியிருக்கிறது என்று பொருள். அந்தச் சாவி என்றாவது வெளியாகலாம். மேலும் இந்தக் குடும்பம் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டுகிறது. சிறிய ஆவணம் முழுவதும் போய்விடும். ஆனால் ஒரு மணி நேர நிக்காஹ் வீடியோவில் தொடக்கம் தவிர மற்றது அப்படியே இருக்கும். வீடியோ பழுதுநீக்கும் கருவிகளால் அதைப் பல நேரங்களில் மீட்க முடிகிறது. ஆகவே பூட்டிய கோப்புகளை எரிச்சலில் அழித்துவிடாமல் தனி டிஸ்கில் எடுத்து வைப்பதே அறிவுடைமை. அவற்றின் பழைய நகல் கைப்பேசியிலோ கூகுள் ஃபோட்டோஸிலோ வெளிநாட்டிலிருப்பவரின் வாட்ஸ்அப்பிலோ இருக்கிறதா என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஃபார்மட் தேவைப்படும் நேரமும் உண்டு. இரண்டு ஸ்கேன்களுக்குப் பிறகும் வைரஸ் திரும்பி வந்தால், ரேன்சம்வேரோ கடவுச்சொல் திருடும் நிரலோ ஓடியிருந்தால், விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நம்பகமான வழி. மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை நல்ல கணினியில் இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் தயார் செய்துகொள்ளலாம். முறையாக வாங்கிய விண்டோஸ் 10, 11 கணினியின் உரிமம் மதர்போர்டோடு இணைந்திருப்பதால், மறுபடி நிறுவும்போது பெரும்பாலும் எண் கேட்காது.

கடைகளில் ஃபார்மட் என்றால் வழக்கமாக சி டிரைவை மட்டும் அழிப்பார்கள். டி டிரைவை "டேட்டா இருக்கு" என்று தொடாமல் விடுவார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் பழைய செட்டப் கோப்புகள் குவிந்து கிடப்பது டி டிரைவில். 'சாலிட்டி' போன்ற வைரஸ்கள் எல்லா டிரைவ்களிலும் உள்ள நிரல் கோப்புகளில் ஒட்டிக்கொள்பவை. புது விண்டோஸில் டி டிரைவிலிருந்து ஒரு பழைய செட்டப்பைச் சொடுக்கியதும் வைரஸ் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும். "ஃபார்மட் அடிச்சும் வைரஸ் போகல" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கோப்புகள் முன்பே வெளி டிஸ்கில் பத்திரமாக இருந்தால், எல்லாப் பிரிவுகளையும் அழித்துத் துணிந்து புதிதாக நிறுவலாம். இரண்டாம் வேலையை முன்கூட்டியே முடிப்பதன் பலன் இங்கேதான் தெரியும்.

கணினியைக் கடையில் கொடுப்பதென்றால் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது: எந்தக் கோப்புகள் அழியக் கூடாது, டி டிரைவையும் அழிக்கலாமா கூடாதா, கிராக் விண்டோஸோ ஆக்டிவேட்டரோ போடக் கூடாது. மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய தேவையே எழாது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை தொலைவிலிருந்து கணினியைப் பார்க்க விரும்பினால், சுத்தம் செய்த பிறகு, வீடியோ அழைப்பில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே அனுமதிக்கலாம். வேலை முடிந்ததும் அதற்காக ஏற்றிய தொலைக்கட்டுப்பாட்டு நிரலை நீக்கிவிட வேண்டும்.

நான்காவது வேலை கடவுச்சொற்கள். பாதிக்கப்பட்ட கணினியில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் திருடனுக்கே போகும். கைப்பேசியிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோதான் மாற்ற வேண்டும். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் சாவி அதில்தான் வருகிறது; அடுத்து வங்கி, குறிப்பாக என்ஆர்இ கணக்குகள்; பிறகு சமூக ஊடகம். திருட்டு நிரல்கள் கடவுச்சொல்லோடு பிரவுசரின் நுழைவுச் சான்றையும் எடுத்துவிடுவதால், மாற்றிய கையோடு 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலில் அந்தக் கணினி இருந்தால் நீக்கிவிட வேண்டும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்வதோடு 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு கூடும். பிறர் கணினியில் வைரஸ் புகுத்துவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகிறது. 66-ஆம் பிரிவு அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. மிரட்டல் குறிப்பின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தால் புகாருக்கு உதவும்.

மறுபடி வராமல் காக்கும் வேலை சிறியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடனும் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் முடிந்துவிட்டன. வீட்டுப் பயனர்கள் கூடுதல் அப்டேட் திட்டத்தில் பதிந்துகொண்டால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கிடைக்கும். விண்டோஸ் 11 ஏறாத பழைய இலவச மடிக்கணினிகள் லினக்ஸில் இன்னும் பல காலம் ஓடும். கோப்புப் பெயரின் வாலை விண்டோஸ் மறைத்தே காட்டும்; 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' காட்டும்படி மாற்றி வைத்தால், படம்போல வேடமிட்ட நிரலின் சாயம் வெளுத்துவிடும். பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போகும் பென்டிரைவில் அந்த ஒரு தாள் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. வீட்டுப் படங்கள் இருக்கும் பென்டிரைவ் கடை வாசலையே மிதிக்கக் கூடாது.

இத்தனைக்கும் மேலானது நகல். கணினியிலுள்ள ஒன்று, அலமாரியில் கழற்றி வைத்த டிஸ்கில் ஒன்று, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் கையிலோ கிளவுடிலோ ஒன்று என மூன்றிடத்தில் இருக்கும் கோப்பை எந்த வைரஸாலும் முழுமையாக அழிக்க முடியாது. கணினியில் செருகியபடியே இருக்கும் டிஸ்க் நகல் ஆகாது; கணினியைப் பூட்டும் ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும்.

ஆகவே இந்த மடலைப் படிக்கும் குடும்பங்களிடம் ஒரே வேண்டுகோள். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த வாரத்திலேயே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வீட்டுப் படங்களையும் பத்திரங்களையும் நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கணினி போனால் இன்னொன்று வாங்கலாம்; அத்தா காலத்துப் படம் எந்தக் கடையிலும் கிடைக்காது.